அலைவரிசையை விற்கும்போது மான்குட்டியும் போய்விடுமா?

கேள்வி: நாங்கள் மூன்று பேர் சேர்ந்து நான்கு வருடமாகச் சின்னப் பிள்ளைகளுக்கு யூடியூப்பில் பொம்மலாட்டக் கதைகள் போட்டு வருகிறோம். திருகோணமலைக் கோட்டையில் திரியும் மான்களைப் பார்த்துச் செய்த ‘புள்ளியன்’ என்ற மான்குட்டிதான் கதாநாயகன். இதுவரை 64 கதைகள். இப்போது கொழும்புக் கம்பனி ஒன்று அலைவரிசையை மொத்தமாக வாங்கக் கேட்கிறது. விலையும் பேசியாயிற்று. கையெழுத்து வைக்கலாமா? முன்பள்ளிகளில் நாங்கள் தொடர்ந்து ஆட்டம் காட்ட முடியுமா?
— வாசகி, உப்புவெளி

பதில்: இப்போதைக்கு வைக்காதீர்கள், சகோதரி. நீங்கள் படம் பிடித்து அனுப்பிய வரைவில் ஏழாம் பந்தியை மூன்று தடவை வாசித்தேன். “அலைவரிசையும் அதனுடன் தொடர்புடைய, இன்றுள்ளதும் இனி வரக்கூடியதுமான எல்லா உரிமைகளும்” என்று ஒரே மூச்சில் எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு வரிக்குள் யூடியூப் கணக்கு, 64 கதைகள், பாட்டுகள், புள்ளியன் என்ற பெயர், உங்கள் மாமியார் கையால் தைத்த பொம்மையின் உருவம், அடுத்த வருடம் நீங்கள் யோசிக்கப்போகும் கதை எல்லாமே அடங்கிவிடும். பிறகு பாலையூற்று முன்பள்ளிக்குப் புள்ளியனைத் தூக்கிக்கொண்டு போவதற்கும் அவர்களிடம் அனுமதி கேட்க வேண்டிவரும்.

அலைவரிசை என்பது பல சொத்துகளைக் கட்டிய ஒரு மூட்டை. மூட்டையை அவிழ்த்து ஒவ்வொன்றாக விலை பேச வேண்டும். இதை விளக்க அமெரிக்காவில் நடந்த ஒரு கதையைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளம்தான், ஆனால் உங்கள் ஏழாம் பந்திக்கு அதைவிடப் பொருத்தமான பாடம் எனக்குத் தெரியாது.

1977இல் பேட் ராபர்ட்சன் என்ற கிறிஸ்தவப் போதகரின் சிபிஎன் அமைப்பு செய்மதி வழியாக ஒரு தொலைக்காட்சிச் சேவையைத் தொடங்கியது. சமய நிகழ்ச்சிகளோடு குடும்பமாகப் பார்க்கக்கூடிய பழைய தொடர்களையும் போட்டார்கள். வருமானம் நன்றாகப் பெருகியது. அதுவே சிக்கலாகவும் ஆனது. சிபிஎன் வரிவிலக்குப் பெற்ற இலாப நோக்கற்ற அமைப்பு. இவ்வளவு இலாபம் வந்தால் அந்த விலக்குக்கே ஆபத்து. ஆகவே 1990இல் அலைவரிசையைப் பிரித்து, இன்டர்நஷனல் ஃபமிலி என்டர்டெயின்மென்ட் என்ற தனிக் கம்பனிக்கு விற்றார்கள். அலைவரிசையின் பெயர் ‘த ஃபமிலி சனல்’ ஆனது.

விற்றவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். தங்கள் சமய நிகழ்ச்சியான ‘த 700 கிளப்’ இந்த அலைவரிசையில் தொடர்ந்து ஒளிபரப்பாக வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதிவைத்தார்கள். 1997இல் ஃபொக்ஸ் நிறுவனமும் சிறுவர் தொடர்த் தயாரிப்பாளர் ஹைம் சபானும் கூட்டாக நடத்திய ஃபொக்ஸ் கிட்ஸ் வேர்ல்ட்வைட் அந்தக் கம்பனியை ஏறத்தாழ 1.9 பில்லியன் டொலருக்கு வாங்கியது. 1998 ஓகஸ்டில் பெயர் ‘ஃபொக்ஸ் ஃபமிலி சனல்’ ஆனது. 2001இல் டிஸ்னி வாங்கி ‘ஏபிசி ஃபமிலி’ என்று மாற்றியது. 2016 ஜனவரியில் ‘ஃப்ரீஃபோர்ம்’ என்றாகி, இளைஞர்களுக்கான அலைவரிசையாகவே மாறியது. உரிமையாளர்கள் மாறினார்கள், பெயர் மாறியது, பார்ப்பவர்களின் வயதுகூட மாறியது. 700 கிளப் மட்டும் அசையவில்லை. அந்த நிபந்தனை விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையில் நின்றுவிடாமல், அடுத்தடுத்து வாங்குபவர்களையும் கட்டுப்படுத்தும்படி எழுதப்பட்டிருந்ததே காரணம்.

உங்கள் முன்பள்ளி ஆட்டத்துக்கு வேண்டியதும் அப்படி ஒரு பந்திதான். “மூன்று உருவாக்குநர்களும் புள்ளியனை நேரடிப் பொம்மலாட்டத்தில் கட்டணமின்றிக் காலவரையறை இல்லாமல் பயன்படுத்தலாம், இந்த உரிமைகளைப் பின்னர் வாங்கும் எவரும் இதற்குக் கட்டுப்பட்டவர்” என்று எழுதக் கேளுங்கள். ‘அதெல்லாம் பிரச்சினை இல்லை அக்கா, நீங்கள் தாராளமாகச் செய்யலாம்’ என்று தொலைபேசியில் சொன்னார்களாமே. சொன்னவர் நல்லவராகவே இருக்கட்டும். நாளைக்கு அந்தக் கம்பனியை இன்னொருவர் வாங்கினால் அந்த வார்த்தை அவரைக் கட்டாது.

அடுத்தது விலை. சபானின் நிறுவனம் 1993இல் ‘பவர் ரேஞ்சர்ஸ்’ என்ற சிறுவர் தொடரைக் கொண்டுவந்தது. ஜப்பானின் தோயெய் நிறுவனம் எடுத்த தொடரின் சண்டைக் காட்சிகளை வைத்துக்கொண்டு, அமெரிக்க நடிகர்கள் வரும் பகுதிகளைப் புதிதாக எடுத்துச் சேர்த்தார்கள். 2001இல் டிஸ்னி கடனையும் சேர்த்து ஐந்து பில்லியன் டொலருக்கு மேல் கொடுத்து வாங்கிய மூட்டையில் அதுவும் இருந்தது. 2010இல் சபான் பவர் ரேஞ்சர்ஸை டிஸ்னியிடமிருந்து திரும்ப வாங்கினார். விலை 43 மில்லியன் டொலர் என்று செய்தி வந்தது. எட்டு வருடத்தில், 2018இல், அதையும் வேறு சில உருவாக்கங்களையும் பொம்மைக் கம்பனியான ஹஸ்ப்ரோவுக்கு 522 மில்லியன் டொலர் மதிப்பில் விற்றார். பெரிய மூட்டைக்குள் கிடந்தபோது தெரியாத பெறுமதி, தனியாக எடுத்து உழைத்தபோது தெரிந்தது. ஒரு கதாபாத்திரத்தின் ஆயுள் அலைவரிசையின் ஆயுளைவிட நீளம். புள்ளியனுக்கும் அப்படித்தான் நடக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் அந்த வழியை நீங்களே அடைத்துவிடக் கூடாது.

ஆகவே பெயரையும் உருவத்தையும் விற்காமல் உரிமம், அதாவது பயன்படுத்தும் அனுமதி, மட்டும் கொடுங்கள். ஐந்து வருடம், தமிழிலும் சிங்களத்திலும், இணையத்துக்கும் தொலைக்காட்சிக்கும் என்று எல்லை போடுங்கள். பொம்மை, புத்தகப் பை, கொப்பி அட்டை எல்லாம் தனிப் பேச்சு. விற்றே ஆக வேண்டும் என்று அவர்கள் நின்றால், இரண்டு வருடம் புதுக் கதை வராவிட்டால் உரிமை உங்களிடம் திரும்பும் என்றும், அவர்கள் வேறொருவருக்கு விற்க நினைத்தால் முதலில் உங்களிடம் கேட்க வேண்டும் என்றும் எழுதுங்கள்.

வாங்குகிறவர் பக்கமும் ஒரு பாடம் உண்டு. தன்னுடைய ஏபிசி தொலைக்காட்சியில் வரும் தொடர்களை, 2001இல் வாங்கிய ஏபிசி ஃபமிலியில் மறுபடி போடலாம் என்று டிஸ்னி கணக்குப் போட்டிருந்தது. ஆனால் பல தொடர்களின் மறுஒளிபரப்பு உரிமை அதனிடம் இல்லை. இதை நான் சொல்வது உங்கள் தொடக்கக் கதைகளுக்காக. அவற்றில் ஐந்தாறில் சினிமாப் பாட்டு மெட்டுகள் கேட்கின்றன. அந்த மெட்டுகள் உங்களுடையவை அல்ல. வரைவின் ஒன்பதாம் பந்தியிலோ ‘அனைத்தும் எமது சொந்த ஆக்கம்’ என்று உறுதி கேட்கிறார்கள். அந்தக் கதைகளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இசையை மாற்றுங்கள். பொய் உறுதி கொடுத்தால் நட்டஈடு உங்கள் தலையில் விழும்.

சரி, நம் நாட்டுச் சட்டம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை. ஆக்கம் பிறந்தவுடனே உரிமையும் பிறக்கிறது. ஆக்கத்தில் பெயர் போடப்படும் உரிமை, பொருளாதார உரிமையை, அதாவது ஆக்கத்தால் பணம் சம்பாதிக்கும் உரிமையை, கைமாற்றிய பிறகும் ஆக்கியவரிடமே இருக்கும். ‘புள்ளியன்’ என்ற பெயரைக் காப்பதற்கு மட்டும் வியாபாரக் குறியாகப் பதிய வேண்டும். கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் நிகழ்ச்சிகளுக்கு 41ஆம் வகுப்பிலும் விளையாட்டுப் பொம்மைகளுக்கு 28ஆம் வகுப்பிலும் விண்ணப்பியுங்கள். பதிவு பத்து வருடத்துக்கு, பிறகு புதுப்பிக்கலாம். பிரதேச செயலகத்தில் எடுத்த வியாபாரப் பெயர்ப் பதிவு இதற்கு ஈடாகாது. பலர் அதை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள்.

அதற்கு முன் வீட்டுக்குள் ஒரு வேலை இருக்கிறது. பாட்டு எழுதியவர் ஒருவர், படம் பிடித்து வெட்டி ஒட்டியவர் இன்னொருவர், குரல் நீங்கள், பொம்மை தைத்தவர் மாமியார். யாருக்கு எது சொந்தம் என்று உங்களுக்குள் ஒரு தாளும் இல்லை என்கிறீர்கள். கம்பனிக்காரருடன் பேசுவதற்கு முன் நால்வரும் ஒரு மாலை உட்கார்ந்து எழுதுங்கள். மாமியாரைக் கட்டாயம் கூப்பிடுங்கள். அந்த முகத்தை உருவாக்கியவர் அவர், அவருடைய கையெழுத்தும் பங்கும் தாளில் இருக்க வேண்டும்.

எழுதிய தாளையும் வரைவையும் திருகோணமலையிலேயே ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். யூடியூப் கணக்கின் கடவுச்சொல்லைப் பணம் வங்கியில் விழும்வரை யாருக்கும் கொடுக்க வேண்டாம்.