கூடாரம் அப்புறம், முதலில் நாள்காட்டி

கேள்வி: டிசம்பர் பள்ளி விடுமுறையில் கடற்கரையில் கூடாரம் போட்டு இரண்டு இரவு தங்க ஆசை. நான், கணவர், இரண்டு பிள்ளைகள், மாமனார். கணவர் செராத்திங் என்கிறார். கூடாரம், தூக்கப்பை என்று 800 வெள்ளிக்குப் பட்டியல் வேறு போட்டுவிட்டார். மாமனாரோ, "தோட்டத்தில் நாற்பது வருஷம் கொசுக்கடி பட்டது போதாதா? காசு கொடுத்து வேற கடி வாங்கணுமா?" என்கிறார். என்ன செய்யலாம்? – ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: உங்கள் மாமனாரை எனக்குப் பிடித்துவிட்டது. அவருக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் செராத்திங்கை அடித்துவிடுங்கள்.

நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. செராத்திங் இருக்கும் பகாங், அதோடு திரெங்கானு, கிளந்தான் என்று கிழக்குக் கரை முழுவதும் அந்த நேரம் மழை நாள்கணக்கில் கொட்டும், கடலும் கொந்தளிக்கும். டிசம்பரில் அங்கே பிள்ளைகளோடு கூடாரத்தில் படுப்பது வேண்டவே வேண்டாம். நம் மேற்குக் கரைப் பக்கம் அப்படியில்லை, தித்திவங்சா மலைத்தொடர் அந்தக் காற்றின் வேகத்தைத் தடுத்துவிடும். அதனால் லூமுட் அருகே தெலுக் பாத்திக் கடற்கரையைப் பாருங்கள். ஈப்போ வழியாகக் காரில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் போய்விடலாம். மாலையில் இடியோடு ஒரு மழை வரலாம். வந்தால் எல்லாரும் காருக்குள் ஏறிக்கொள்ளுங்கள், மரத்தடியில் ஒண்ட வேண்டாம். இரவு தங்க அனுமதி உண்டா, எந்தப் பகுதியில் என்பதை மஞ்சோங் நகராண்மைக் கழகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். செராத்திங்கை ஏப்ரலுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியைக் கழற்றிப் பாருங்கள். நல்ல நேரத்துக்கு இல்லை, அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும். அந்த நாள்களிலும் அடுத்த ஓரிரு நாளிலும்தான் கடல் மிக அதிகமாக ஏறும், மிக அதிகமாக வற்றும். நம் மேற்குக் கரையில் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி இறங்குகிறது. ஏறி முடிக்க ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் எடுக்கும். 2 மீட்டர்தானே என்று நினைக்காதீர்கள். சரிவு குறைந்த மணலில் 2 மீட்டர் ஏறினால், தண்ணீர் 40 மீட்டர் உள்ளே வந்துவிடும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பல வருஷத்துக்கு முன் பௌர்ணமி அழகு பார்க்கப் போய், அலைக்குப் பக்கத்திலேயே பாய் விரித்தோம். நடுச்சாமத்தில் கண் விழித்தால் செருப்பைக் காணோம், அரிசிப் பானை மிதக்கிறது. பக்கத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த மலாய்க்காரப் பெரியவர் "ஆயேர் பாசாங்" (கடல் ஏற்றம்) என்று சிரித்தார். அன்றைக்குத்தான் எனக்கு அந்தச் சொல் தெரியும். நீங்கள் மணலில் இறங்கியதும் காய்ந்த இலை, சுள்ளி, சிப்பி எல்லாம் ஒதுங்கிக் கிடக்கும் கோட்டைத் தேடுங்கள். முந்தைய ஏற்றம் நின்ற இடம் அதுதான். அதிலிருந்து நன்றாக மேலே தள்ளிப் போடுங்கள். தென்னைக்கு அடியில் மட்டும் வேண்டாம், காரணம் சொல்லத் தேவையில்லை.

இப்போது அந்த 800 வெள்ளி. நம் கரையில் இரவில்கூடச் சூடு சுமார் 22 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. தூக்கப்பையில் நுழைந்தால் அவிந்துபோவீர்கள்! ஒரு பாயும் பழைய கைலியும் போதும். கூடாரத்தில் பார்க்க வேண்டியது இரண்டு பக்கமும் வலை சன்னல் இருக்கிறதா என்பதைத்தான். மிச்சக் காசில் பெரிய தார்ப்பாய் ஒன்று வாங்கி மேலே கட்டுங்கள். பகலில் கூடாரத்துக்குள் யாரும் இருக்க முடியாது, நிழல்தான் உங்கள் வீடு.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர் குடிக்க மட்டும். ஒன்றரை லிட்டர் போத்தல்கள் சிலவற்றை வீட்டிலேயே உறைய வைத்துப் பெட்டியில் அடுக்கினால் மீனுக்கும் கோழிக்கும் ஐஸ் ஆகும், உருகியதும் குடிக்கலாம். நாசி லெமாக் கட்டிக்கொண்டு போகாதீர்கள், தேங்காய்ப்பால் சோறு அந்த வெயிலில் மதியத்துக்குள் ஊசிவிடும். புளிச்சோறும் நெத்திலிச் சம்பாலும் முதல் நாளைத் தாங்கும். குரங்குகள் பையைத் திறக்கத் தெரிந்தவை, ஆகவே சாப்பாடு காருக்குள்ளேயே இருக்கட்டும்.

கடிக்கு வருவோம். மாமனார் சொல்லும் கொசுவைவிட மோசமானது கடற்கரையில் உண்டு: அகாஸ் என்ற பொடிப்பூச்சி. கண்ணுக்கே தெரியாது, சாதாரண வலையில் நுழைந்துவிடும், விடியும்போதும் பொழுது சாயும்போதும் கடிக்கும். ஆனால் காற்றடித்தால் அதனால் பறக்க முடியாது. அதனால் சதுப்பு மரங்களை விட்டு விலகி, காற்று வரும் இடமாகப் பாருங்கள். ஆறு மணிக்கு மேல் பிள்ளைகளுக்கு முழுக்கைச் சட்டை. கொசுவர்த்தியை வெளியே கொளுத்துங்கள். கூடாரத்துக்குள் நெருப்பு எந்த வடிவிலும் கூடாது, அடுப்பு கண்டிப்பாகக் கூடாது.

மாமனாருக்கு மடக்குக் கட்டில் ஒன்று எடுத்துச் செல்லுங்கள், மணலில் உட்கார்ந்து எழ முழங்கால் ஒத்துழைக்காது. பால்மரம் வெட்டியவர் என்றால் எப்படியும் நாலு மணிக்கு எழுந்துவிடுவார். அடுப்பும் தேத்தண்ணியும் அவர் பொறுப்பு என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். நெற்றியில் கட்டும் பழைய விளக்கைத் தேட ஆரம்பித்தாரென்றால் வருகிறார் என்று அர்த்தம்.