கைதட்டலும் வெற்றிலைச் செல்லமும்

வணக்கம் சார்,

நீடாமங்கலம் பக்கத்துக் கிராமம் எனக்கு. கும்பகோணத்தில் மாதம் ஒருமுறை நடக்கும் கவிதை வாசிப்புக்கு மூன்று வருஷமாகப் போய்வருகிறேன். பதினைந்து பேர் வருவார்கள். பெண்கள் என்றால் நானும் ஓர் ஆசிரியையும்தான். யார் எதை வாசித்தாலும் ‘அருமை’ என்பார்கள். போன சித்திரையில் அம்மாவின் கால் சேற்றுப்புண் பற்றி ஒரு கவிதை வாசித்தேன். ஒருவர், ‘இதுல கவிதை எங்கம்மா இருக்கு?’ என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் முறை வந்ததே எட்டு மணிக்கு. கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவந்தேன். இரண்டு மாதமாகப் போகவில்லை. கவிதை எழுதுகிறவருக்குக் கூட்டம் அவசியமா? வீட்டில் எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினால் போதாதா? அந்தக் கவிதையை இணைத்திருக்கிறேன். என் பெயர் வேண்டாம்.

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

போதும். எந்தக் கூட்டத்திலும் கால் வைக்காமலே நன்றாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மூன்று வருஷம் பஸ் ஏறிப் போனவர் இதைக் கேட்கிறீர்கள் என்றால், போனதில் உங்களுக்கு ஏதோ கிடைத்திருக்க வேண்டும்.

நானும் அதே கும்பகோணத்தில், ஒரு டியூட்டோரியல் மாடியில் நடந்த கவிதைக் கூட்டத்தில், பன்னிரண்டு வருஷம் குப்பை கொட்டியவன். மூன்றாம் ஞாயிறு, மாலை நான்கு மணி. பெஞ்சில் பையன்கள் காம்பஸால் கீறிய பெயர்கள், கரும்பலகையில் அழிக்காமல் விட்ட கணக்கு. டீக்கும் வடைக்கும் தலைக்குப் பத்து ரூபாய். கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் வருவார். வாழ்நாளில் ஒரு வரி எழுதியதில்லை. சுவரோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பக்கத்தில் வெற்றிலைச் செல்லம். கவிதை தொய்ந்தால் அவர் கை செல்லத்துக்குப் போகும். கொழுந்து வெற்றிலை ஒன்றை எடுத்து வேட்டியில் துடைத்து, காம்பு கிள்ளி, முதுகில் சுண்ணாம்பு தடவ ஆரம்பித்தால் அவ்வளவுதான். ஓரக்கண்ணால் அவர் கையைப் பார்த்துக்கொண்டேதான் எல்லோரும் வாசிப்போம். வீட்டுக்கு வந்து அந்த இடத்தைப் பார்த்தால், எங்கோ படித்த சொல் ஒன்று உட்கார்ந்திருக்கும். இல்லையென்றால் எனக்கே தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதியிருப்பேன்.

2002-லும் 2003-லும் ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கவில்லை. குறுவை போச்சு. எங்கள் கூட்டத்திலோ மகசூல் அமோகம்! பதினோரு பேர் வாசித்தால் ஒன்பது கவிதையில் காவிரி வறண்டு கிடந்தது. மணல் லாரி, வெடித்த வயல், ‘தாயே’ என்று ஒரு விளி. ஒருநாள் பெரியவர் அபூர்வமாக வாயைத் திறந்தார். ‘ஆத்துல தண்ணி இல்லேன்னு ஊருக்கே தெரியும்பா. உங்க வீட்டுல என்ன ஆச்சு, அதைச் சொல்லுங்க.’ அன்றைக்கே தீர்மானம் போட்டோம். காவிரி என்ற சொல் வந்தால் ஐந்து ரூபாய் அபராதம். வடைச் செலவுக்குக் கொஞ்ச நாள் கவலை இல்லாமல் இருந்தது.

அந்த ஆடிப்பெருக்குக்கு அம்மா எங்கள் தெரு அடிபம்பைக் கழுவி மஞ்சள் பூசி, காப்பரிசியும் காதோலை கருகமணியும் வைத்துக் கும்பிட்டாள். அதை அப்படியே பதினான்கு வரி எழுதினேன். ஆறும் இல்லை, தாயும் இல்லை. வாசிக்கும்போது பெரியவர் கையில் ஏற்கெனவே வெற்றிலை இருந்தது. சுண்ணாம்பு விரல் அப்படியே நின்றுவிட்டது. கைதட்டல் ஒன்றும் இல்லை. எனக்கு இன்றுவரை கிடைத்த விருது அது ஒன்றுதான். (பொன்னாடைகள் பெட்டி நிறைய இருக்கின்றன. மார்கழியில் காவலாளி யாராவது கேட்டால் கொடுப்பேன்.)

பொன்னாடை என்றதும் கவியரங்கம் ஞாபகம் வருகிறது. அதையும் சொல்லிவிடுகிறேன். கோயில் திருவிழா, கல்லூரி ஆண்டுவிழா, கட்சி மாநாடு என்று நானும் மேடை ஏறியவன். தலைப்பை அவர்கள் கொடுப்பார்கள். ஒரு வரியைச் சொல்லி நிறுத்த வேண்டும், அதையே திரும்பச் சொல்ல வேண்டும், இரண்டாம் முறைக்குக் கைதட்டு விழும். கொஞ்ச நாளில், இரண்டாம் முறை சொல்வதற்கென்றே வரி எழுத ஆரம்பித்துவிடுவோம். நான் நாலு வருஷம் அப்படித்தான் எழுதினேன். அந்தப் பழக்கம் போக அதைவிட அதிக நாள் ஆயிற்று. உங்கள் கூட்டத்தின் ‘அருமை’யும் இந்தக் கைதட்டின் தம்பிதான். ‘இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்களே’ என்பதற்கான நன்றி அது. வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள், எண்ணிப் பார்க்காதீர்கள்.

நாலு பேருக்கு முன்னால் வாசிப்பது நம் பக்கத்தில் பழைய வழக்கம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஒரு தலபுராணம் பாடினால், அந்த ஊர்ச் சபையில் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்துப் பொருள் சொல்லி அரங்கேற்றுவார். எனக்குப் பிடித்தது அதற்கும் முந்தின கட்டம். அவர் பாட்டைச் சொல்லச் சொல்ல மாணவர் ஏட்டில் எழுதுவார்கள். 1871-ல் மாயூரத்தில் அவரிடம் போய்ச் சேர்ந்த உ.வே.சாமிநாதையர் இதையெல்லாம் விரிவாக எழுதி வைத்திருக்கிறார். ஆக, பாட்டு ஓலையில் ஏறும்போதே ஒரு காதைத் தாண்டித்தான் ஏறியது. அப்புறம் நம் ஊர் எழுத்தாளர்கள் ந.பிச்சமூர்த்தியும் கு.ப.ராஜகோபாலனும். கும்பகோணம் இரட்டையர் என்றே அவர்களுக்குப் பெயர். 1934-ல் மணிக்கொடி இதழில் பிச்சமூர்த்தியின் ‘காதல்’ வந்தபோது, யாப்பில்லாத கவிதைக்கு ஊரில் எத்தனை காது இருந்திருக்கும்? ஒரு சிநேகிதன் போதும். தஞ்சாவூரில் எழுத்தாளர் தஞ்சை ப்ரகாஷ் நடத்திய கூட்டம் ஒன்றுக்கு ‘சும்மா இலக்கியக் கும்பல்’ என்றே பெயர். அந்தச் ‘சும்மா’ எனக்கு ரொம்பப் பிடிக்கும். தலைவர், செயலாளர், பொருளாளர் என்று லெட்டர்பேட் அடித்த எத்தனையோ மன்றங்கள் மூன்றாம் மாதமே படுத்துவிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் பதினைந்து பேரில் எங்கள் பெரியவரைப் போலக் கேட்கிறவர் ஒருவர் இருக்கிறாரா என்று பாருங்கள். எழுதுகிறவர்களில் தேடாதீர்கள். நாங்கள் அடுத்தவர் வாசிக்கும்போது எங்கள் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். டீ கொண்டுவரும் பையனாகக்கூட இருக்கலாம். வாசித்து முடித்ததும் ‘எப்படி இருந்தது?’ என்று கேட்காதீர்கள், ‘அருமை’தான் வரும். ‘எந்த வரி ஞாபகம் இருக்கிறது?’ என்று கேளுங்கள். தடுமாறுவார்கள். அந்தத் தடுமாற்றத்தில் நிறையத் தெரிந்துகொள்ளலாம்.

எட்டு மணி விஷயம் எனக்குக் கோபம் வரவழைத்தது. உள்ளூர்க்காரர்கள் ஆறரைக்கே வாசித்துவிட்டுச் சாவகாசமாக உட்கார்ந்திருப்பார்கள், வெளியூரிலிருந்து வந்த பெண் கடைசியில் வாசித்துவிட்டு ஓட வேண்டும். இதில் தயவு கேட்க ஒன்றும் இல்லை. ‘எனக்கு ஏழே காலுக்கு பஸ், முதலில் நான் வாசிக்கிறேன்’ என்று உட்காரும்போதே சொல்லிவிடுங்கள். எங்கள் கூட்டத்திலும் இப்படித்தான் நடந்தது. நானும் அந்த உள்ளூர்க்காரர்களில் ஒருவன். எங்களோடு வாசித்த இரண்டு பெண்கள் ஒரு வருஷத்தில் நின்றுவிட்டார்கள். ஏன் வரவில்லை என்று நாங்கள் யாரும் விசாரிக்கவே இல்லை.

சரி, கவிதைக்கு வருகிறேன். நடவிலிருந்து வந்த அம்மா விரலிடுக்கில் மருதாணி அரைத்துப் பூசுகிறாள். அழகுக்கு என்று நினைத்துக் குழந்தையும் தன் காலை நீட்டுகிறது. அம்மா அதற்கும் பூசுகிறாள். இதை நான் இரண்டு முறை சத்தமாகப் படித்தேன். பெரியவர் இருந்திருந்தால் அவர் கை செல்லத்துக்குப் போயிருக்காது. அதற்குப் பிறகும் நாலு வரி இருக்கிறதே, உழைக்கும் வர்க்கம், சிவப்பு, சமூகமே பதில் சொல் என்று. அங்கே போயிருக்கும். ‘கவிதை எங்கே’ என்று கேட்டவர் சிரிப்பதற்காகத்தான் கேட்டிருப்பார். அவர் அதை வேறு விதமாகக் கேட்டிருக்கலாம். ஆனாலும் அந்த நாலு வரி அவருக்கு வழி திறந்துவிட்டிருக்கிறது. அம்மா குழந்தைக்கும் பூசியதோடு நிறுத்தியிருந்தால் அவர் வாய் எழுந்திருக்காது என்று நினைக்கிறேன்.

ஆவணி, புரட்டாசியில் சம்பா நடவு தொடங்கினால் உங்கள் கூட்டம் மெலியும். ஐந்தாறு பேர்தான் வருவார்கள், நேரம் நிறைய இருக்கும். அந்த மாதம் போங்கள். புதுக் கவிதை எதுவும் வேண்டாம், இதையே எடுத்துப் போங்கள், அந்த நாலு வரி இல்லாமல். ஏழே கால் பஸ்ஸை விட்டுவிடாதீர்கள்.