இளவரசிக்காக அழுதவர்கள்

வணக்கம். சென்ற வாரம் டயானா பற்றி ஒரு ஆவணத் தொடர் பார்த்தேன். 1997-இல் நான் பள்ளி மாணவன். அந்தச் சவ ஊர்வலத்தை டிவியில் பார்த்து என் அம்மா அழுதார். அப்பாவும் நானும் சிரித்தோம். இன்று நினைத்தாலும் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. அந்தப் பெண் அப்படி என்ன சாதித்துவிட்டார்? அதே வாரம் இறந்த அன்னை தெரசாவுக்கு உலகம் இந்த அளவு அழவில்லையே? இது டிவி தயாரித்துக் கொடுத்த அழுகை, அதோடு நம்முடைய காலனிய அடிமைப் புத்தியும் சேர்ந்துகொண்டது என்பது என் எண்ணம். அது கொலை என்கிறார்களே, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

கொலையை முதலில் முடித்துவிடுவோம். லண்டன் காவல்துறை 2006-இல் எண்ணூறு பக்கத்துக்கு மேல் ஒரு அறிக்கை வெளியிட்டது. 2008-இல் ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள்: குடித்துவிட்டு ஓட்டிய டிரைவரின் படு அலட்சியம், பின்னால் துரத்திய வண்டிகளின் அலட்சியம். டயானா சீட் பெல்ட் போட்டிருக்கவில்லை. அவ்வளவுதான். இதற்கு மேல் வேண்டுமென்றால் யூடியூபில் நிறைய ஆட்கள் இருக்கிறார்கள். அடிமைப் புத்தி என்பதற்கும் பதில் சொல்லப்போவதில்லை. எதற்கெடுத்தாலும் அதைச் சொல்லிச் சொல்லி நமக்கே அலுத்துவிட்டது.

டிவி தயாரித்த அழுகை என்கிறீர்களே, அங்கேதான் நிற்கிறேன். கொஞ்ச நாளாகவே இன்னொரு இளவரசி என் மண்டையில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் செத்தபோது டிவி இல்லை, ரேடியோ இல்லை, தந்தி கூட இல்லை. ஆனால் ஒரு நாடே கறுப்பு உடுத்தியது. கடைகளில் கறுப்புத் துணி தீர்ந்துபோனது. கறுப்பு உடைக்கு வக்கில்லாதவர்கள் கையில் ஒரு கறுப்புத் துண்டைக் கட்டிக்கொண்டார்கள். சவ அடக்கத்தன்று சூதாட்ட விடுதிகளே கதவைச் சாத்தின. ஆண்டு 1817.

அவள் பெயர் சார்லட். புத்தி பேதலித்துக் கிடந்த இங்கிலாந்தின் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குச் சட்டப்படி பிறந்த ஒரே பேத்தி, அப்பாவுக்குப் பின் அரசியாக வேண்டியவள். அப்பா ஊதாரி, பெண் பித்தர். அம்மாவை அவர் விரட்டாத குறை. அவள் இத்தாலிப் பக்கம் போய்விட்டாள். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் பந்தாடப்பட்டு வளர்ந்த பெண். அப்பா பார்த்த மாப்பிள்ளையை வேண்டாமென்று உதறிவிட்டு, 1816-இல் லியோபோல்ட் என்ற ஜெர்மன் இளவரசனைப் பிடிவாதமாகக் கட்டிக்கொண்டாள். ஜனங்களுக்கு அவளைப் பிடித்திருந்தது. டயானா ஞாபகம் வந்தால் தப்பில்லை.

லண்டனுக்கு வெளியே கிளேர்மான்ட் மாளிகையில் தங்கியிருந்தார்கள். அவள் கர்ப்பமானாள். பிரசவம் பார்க்க சர் ரிச்சர்ட் கிராஃப்ட் அமர்த்தப்பட்டார். அன்றைய வழக்கப்படி கர்ப்பிணிக்குச் சாப்பாட்டைக் குறைத்தார், அவ்வப்போது ரத்தம் எடுத்தார். சொன்ன நாளும் தள்ளிப்போனது. நவம்பர் 3 திங்கட்கிழமை வலி கண்டது. செவ்வாய் முழுக்க வலி, புதன் முழுக்க வலி. ஐம்பது மணி நேரம். அதில் பிற்பாதி, குழந்தை இறங்கிவர வேண்டிய நேரம் மட்டுமே இருபத்துநான்கு மணி. நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் ஆயுதம் போட்டு எடுப்பது என்பார்களே, அந்த ஆயுதம் கிளேர்மான்ட்டில் தயாராக இருந்தது. கிராஃப்ட் அதைத் தொடவில்லை. புதன் இரவு ஒன்பது மணிக்குக் குழந்தை பிறந்தது. ஒன்பது பவுண்டு எடை, ஆண், உயிர் இல்லை. தாய் தப்பித்தாள் என்று நினைத்து எல்லோரும் படுக்கப் போனார்கள். நள்ளிரவு தாண்டி வயிறு வலிக்கிறது என்றாள், மூச்சு வாங்கியது. வியாழன் விடியுமுன் போய்விட்டாள். வயது 21.

அப்போது உங்களைப் போலவே எரிச்சலடைந்த ஒருவர் இருந்தார். கவிஞர் ஷெல்லி. இளவரசி இறந்த மறுநாள், நவம்பர் 7, டார்பி நகரத்தில் அரசுக்கு எதிராகக் கலகம் செய்ததாக மூன்று பேரைத் தூக்கிலிட்டுத் தலையை வெட்டினார்கள். ஒருவர் காலுறை நெய்கிறவர். அவர்களைத் தூண்டிவிட்டதில் அரசாங்கத்தின் ஒற்றனுக்கே பங்கு உண்டு. ஷெல்லி கொதித்துப்போய் ஒரு துண்டுப் பிரசுரம் எழுதினார். இளவரசிக்கு அழுகிறீர்களே, இவர்களுக்கு அழுதீர்களா, செத்தது இந்த நாட்டின் சுதந்திரம், அதற்கல்லவா துக்கம் காக்க வேண்டும் என்று. நீங்கள் டயானாவையும் தெரசாவையும் தராசில் வைத்தீர்கள். அவர் சார்லட்டையும் தூக்கில் தொங்கியவர்களையும் வைத்தார். அவருக்காவது அரசியல் காரணம் இருந்தது. தெரசாவுக்கு வயது 87, அரசு மரியாதையோடு கல்கத்தாவில் அடக்கம் நடந்தது, பெருங்கூட்டம் வந்தது. கண்ணீரை யார் அளந்து பார்த்தார்கள்?

ஷெல்லி அந்தப் பிரசுரத்தில் போகிறபோக்கில் ஒன்று சொல்கிறார். பிரசவத்தில் எத்தனையோ ஆயிரம் பெண்கள் சாகிறார்கள், இவளும் அப்படித்தான் செத்தாள் என்கிறார். இவளுக்காக மட்டும் நாடு துக்கம் காப்பானேன் என்பது அவர் வாதம். அதைச் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார். எனக்கு அங்கேதான் கோபம். ஐயா, அதனால்தானே அழுகிறார்கள்! அந்தத் தெருக்களில் கறுப்புத் துண்டு கட்டி நின்றவர்களில் எத்தனை பேர் வீட்டில் இப்படி ஒரு சாவு நடந்திருக்கும்? மனைவியோ அக்காவோ மகளோ இரண்டு நாள் கத்திக் கத்தி ஓய்ந்திருப்பாள், மூன்றாம் நாள் புதைத்திருப்பார்கள், நான்காம் நாள் வேலைக்குப் போயிருப்பார்கள். அந்தச் சாவுக்கு மணி அடிக்கவில்லை, கடை அடைக்கவில்லை. இப்போது அதே சாவு அரண்மனையில் நடந்திருக்கிறது. தெருவில் நின்று அழலாம், ஏன் அழுகிறாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஷெல்லியின் மாமியார் மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட்டே 1797-இல் பிள்ளை பெற்ற பதினோராம் நாள் போனவர். அந்தப் பிள்ளைதான் ஷெல்லியின் மனைவி. அவளே இந்தப் பிரசுரத்துக்கு இரண்டு மாதம் முன்புதான் ஒரு குழந்தை பெற்றிருந்தாள். அந்த வீட்டிலிருந்துகொண்டு இப்படி எழுத ஒரு ஆணால்தான் முடியும்.

இது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்த விஷயமல்ல. டயானாவின் ஊர்வலம் எங்கள் வீட்டு டிவியிலும் ஓடியது. சனிக்கிழமை மத்தியானம். அப்பத்தா தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "யாரு செத்தது?" என்றாள். வெள்ளைக்கார ராஜா வீட்டு மருமகள் என்றோம். "வயசு?" முப்பத்தாறு. "புள்ளைக இருக்கா?" அதற்குள் சவப்பெட்டிக்குப் பின்னால் அந்த இரண்டு பையன்களும் தலை குனிந்து நடந்து வந்தார்கள். பெட்டியின் மேல் வெள்ளைப் பூ, பூவுக்குள் ஒரு கடித உறை, அதில் 'மம்மி' என்று கையெழுத்து. அதைப் படித்துச் சொன்னதுதான் தாமதம், அப்பத்தா மாராப்பை இழுத்து வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அப்புறம் வாயிலிருந்து சேலையை எடுத்துவிட்டு ராகம் போட்டே அழுதாள். ஒப்பாரியில் டயானா இரண்டு வரிக்கு மேல் இல்லை. மூன்றாம் வரியில் என் பெரியத்தை வந்துவிட்டாள். தலைப்பிரசவத்தில், மாட்டு வண்டியில் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில் போனவள். பிள்ளையோடு போனவள் என்பதால் அந்தப் பேச்சையே வீட்டில் எடுக்கக் கூடாது என்று தாத்தா உத்தரவு. எங்கள் பக்கம் சூலியாகச் செத்தவளுக்குச் சுமைதாங்கிக் கல் நடுவார்கள். இவளுக்கு அதுவும் நடவில்லை. சார்லட்டுக்கு விண்ட்சர் தேவாலயத்தில் பொதுமக்கள் காசு போட்டு பளிங்கில் நினைவுச் சின்னமே வைத்திருக்கிறார்கள். தேவதை ஒன்று அந்தக் குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு போகிறது.

அப்பத்தா அன்று அழுததில் டிவிக்குப் பங்கு உண்டா? உண்டு. அது பந்தல் போட்டுக் கொடுத்தது. எந்த இழவு வீட்டிலாவது போய் ஒப்பாரியைக் காதுகொடுத்துக் கேளுங்கள். செத்தவர் கதை கால்வாசி, வந்தவர்கள் கதை முக்கால்வாசி. உங்கள் அம்மா யாரை நினைத்து அழுதார் என்று இத்தனை வருடத்தில் ஒருதரம் கேட்கத் தோன்றவில்லையா உங்களுக்கு? பள்ளிக்கூடப் பையன் சிரித்ததை மன்னிக்கலாம். இந்த வயதிலும் சிரிப்பு வருகிறது என்று எனக்குக் கடிதம் வேறு எழுதுகிறீர்கள்.

இந்த அழுகைக்கு ஒரு கெட்ட புத்தியும் உண்டு. அது ஆள் தேடும். 1997-இல் புகைப்படக்காரர்களைத் தேடியது, பிறகு அரண்மனையில் அரைக்கம்பத்தில் கொடி பறக்கவிடவில்லை என்று கிழவி ராணியைத் தேடியது. 1817-இல் கிராஃப்டைப் பிடித்துக்கொண்டது. மனிதர் செய்ததெல்லாம் தன் மாமனார் டென்மன் எழுதிவைத்ததைப் பின்பற்றியதுதான். அவசரப்பட்டு ஆயுதத்தை எடுக்காதே, இயற்கைக்கு விடு என்பது அன்றைய பாடம். அப்படி விட்டதால் பிழைத்த தாய்மார்களும் நிறையப் பேர் உண்டு. இளவரசியின் அப்பாவே அவரைக் குறை சொல்லவில்லை, ஆறுதல் சொல்லி அனுப்பினார். ஊர் விடவில்லை. மூன்று மாதம் கழித்து இன்னொரு பெண்ணுக்குப் பிரசவம் பார்க்கப் போன வீட்டில், அவளுக்கும் வலி இழுத்துக்கொண்டே போக, அங்கே கிடந்த துப்பாக்கியை எடுத்துச் சுட்டுக்கொண்டார். அவருக்காக யாராவது கறுப்புத் துண்டு கட்டினார்களா என்று ஷெல்லி கேட்டிருந்தால் நானும் அவரோடு சேர்ந்திருப்பேன்.

நீங்கள் கேட்டது டயானா என்ன சாதித்தார் என்று. 1987-இல் லண்டன் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரியில் எய்ட்ஸ் நோயாளிகளுக்கென்று திறந்த வார்டில், கையுறை இல்லாமல் ஒரு நோயாளியின் கையைக் குலுக்கினார். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று படித்தவர்களே பயந்த காலம். 1997 ஜனவரியில் அங்கோலாவில் கண்ணிவெடி வயலுக்குள் கவசம் மாட்டிக்கொண்டு நடந்தார். அவர் நாட்டு ராணுவத் துறை இளைய அமைச்சரே திட்டினார். ஆகஸ்டில் போஸ்னியா போனார். அந்த மாதமே இறந்தார். கண்ணிவெடித் தடை ஒப்பந்தம் ஒட்டாவாவில் கையெழுத்தானது. இது குறைந்த வேலை இல்லை. ஆனால் அன்று லண்டன் தெருவில் பூவோடு நின்றவர்களிடம் போய் ஒட்டாவா என்று சொல்லியிருந்தால் முழித்திருப்பார்கள். கையெழுத்தானதே டிசம்பரில்தான்.