டிமென்ஷியா எனும் மறதி நோயில் சொல் வராமல் தவிப்பதும், சொல்லே அந்நியமாகிப் போவதும்: கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. எதற்கெடுத்தாலும் "அது... அந்த இது" என்று இழுக்கிறார். சொல் மறந்துவிட்டதா?

முதல் எழுத்தை எடுத்துக் கொடுத்துப் பாருங்கள். கத்தரிக்கோலைக் காட்டி "கத்..." என்றதும் சொல் வந்துவிட்டால், அது உள்ளேதான் இருக்கிறது, எடுக்கத்தான் முடியவில்லை. டிமென்ஷியாவில் மிகப் பரவலான வகையான அல்சைமரின் தொடக்கத்தில் பெரும்பாலும் இப்படித்தான். மாறாக, "கத்தரிக்கோலா? அப்படின்னா என்ன?" என்று அவரே திருப்பிக் கேட்டால் சங்கதி வேறு, சொல்லின் அர்த்தமே அழிந்துகொண்டிருக்கிறது. சொற்பொருள் டிமென்ஷியாவில் அப்படி நடக்கும். கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் இருக்கும் நெற்றிப்பொட்டுக்கு உள்ளே இருக்கும் மூளைப் பகுதியின் முன்முனை, பெரும்பாலும் இடப்பக்கம் கூடுதலாக, சுருங்குவதுதான் காரணம். இதற்கெல்லாம் முன்பு காது சரியாகக் கேட்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பலர் கோட்டை விடுவது அங்கேதான்.

கேள்வி: அம்மா பேப்பரைத் தப்பில்லாமல் உரக்க வாசிக்கிறார். அப்படியானால் புரிகிறது என்றுதானே அர்த்தம்?

இல்லைங்க. தமிழில் எழுத்தைக் கூட்டினாலே ஒலி வந்துவிடும், பொருள் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் சொற்பொருள் டிமென்ஷியா உள்ளவர்கள் 'யாட்' (yacht, உல்லாசப் படகு) என்ற சொல்லை எழுத்துக்கூட்டி 'யாச்ட்' என்பார்கள்; குட்டு உடைந்துவிடும். தமிழ் வாசிப்பு அதை மூடி மறைத்துவிடுகிறது. மேஜையில் சாவி, சீப்பு, கரண்டி, பேனா நான்கையும் வையுங்கள். துண்டுச்சீட்டில் 'சீப்பு' என்று எழுதி, வாசித்துவிட்டு எடுத்துத் தரச் சொல்லுங்கள். "சீப்பு" என்று தெளிவாக வாசித்த பிறகும் கை கரண்டிக்கும் சாவிக்கும் நடுவில் அலைந்தால், மருத்துவரிடம் அதை அப்படியே சொல்லுங்கள். ஒருமுறை போதும். தினமும் பரீட்சை வைத்தால் பேச்சையே நிறுத்திவிடுவார்.

கேள்வி: அலமாரிகளில் பெரிய எழுத்தில் லேபிள் ஒட்டினோம். வாசிக்க இன்னும் திணறுகிறார்.

கண்ணில் குறை இல்லை என்று கண் மருத்துவர் சொல்லிவிட்டாரா? அப்படியானால் மூளையின் பின்பகுதியைத் தாக்கும் டிமென்ஷியா வகையாக இருக்கலாம். அதில் ஒரே பார்வையில் பிடிபடும் இடம் குறுகிவிடும்; பெரிய எழுத்து அதற்குள் அடங்காது. எழுத்தைச் சற்றுச் சிறிதாக்கி, எழுத்துகளுக்கு நடுவே இடம் விட்டுப் பாருங்கள். புத்தகத்துக்கு, ஒரு வரி மட்டும் தெரியும்படி அட்டையில் ஜன்னல் வெட்டிக்கொள்ளலாம். சொல்லின் அர்த்தமே மறந்தவருக்கு லேபிள் வீண். சாமான்களை எப்போதும் ஒரே இடத்தில், கண்ணில் படும்படி வையுங்கள்.

கேள்வி: பயிற்சி கொடுத்தால் சொற்கள் திரும்புமா?

பயிற்சி கொடுத்த சொற்கள் ஓரளவு நிற்கும், நிறுத்தினால் நழுவும். மற்ற சொற்களுக்கு அந்தப் பலன் பரவாது. ஆகவே பட்டியல் சின்னதாக, அவருக்கு அன்றாடம் தேவைப்படுவதாக இருக்கட்டும். படமும் அவருடைய சொந்த டம்ளர், சொந்தச் செருப்பாக இருக்க வேண்டும். கடையில் விற்கும் பட அட்டை வேண்டாம்.

கேள்வி: நேற்றுவரை நன்றாகப் பேசிய மாமாவுக்கு இன்று காலை முதல் நாம் சொல்வது எதுவும் புரியவில்லை. இதுவும் டிமென்ஷியாவா?

டிமென்ஷியா ஒரே இரவில் வராது. பக்கவாதமாக இருக்கலாம், தொற்றோ மருந்தோ கூட இப்படிச் செய்யும். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று குறித்துக்கொண்டு உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கிளம்புங்கள்.