டிம்மர் போட்ட விளக்கு சிமிட்டுகிறது: யார் மேல் வழக்குப் போடுவது?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. கோத்தகிரி பக்கம் சொந்த வீடு. மூன்று மாதத்துக்கு முன்பு ஹாலுக்கும் படுக்கையறைக்கும் மரத்தில் ஃபால்ஸ் சீலிங் போட்டு, மேட்டுப்பாளையத்தில் ஒரு கடையில் டிம்மபிள் எல்இடி பல்பு 14 வாங்கி மாட்டினோம். வீட்டில் ஏற்கெனவே இருந்த பழைய டிம்மர் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு ஸ்விட்ச்) இரண்டையும் எலக்ட்ரீஷியன் அப்படியே வைத்துவிட்டார். வெளிச்சத்தைக் குறைத்தால் பல்புகள் சிமிட்டுகின்றன, லேசான இரைச்சலும் வருகிறது. இரண்டாவது வாரமே கடைக்கு வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினேன். 'உங்க மலையில கரண்ட் சரியில்லை' என்றார்கள். எலக்ட்ரீஷியன் பல்பைக் குறை சொல்கிறார். இ.பி. ஆபீசில் உள் வயரிங்கைப் பார்க்கச் சொல்கிறார்கள். பில்லில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று இருக்கிறது. நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா?

பதில்: போகலாம் அம்மா. ஆனால் இப்போதே போனால், இன்று உங்களிடம் சொன்னதையே மூன்று பேரும் நுகர்வோர் ஆணையத்திலும் (நீங்கள் சொல்லும் நுகர்வோர் நீதிமன்றம்) சொல்வார்கள். குறை எங்கே இருக்கிறது என்று காகிதத்தில் காட்ட வேண்டியது நீங்கள்தான். அதனால் வக்கீல் நோட்டீஸுக்கு முன்னால் ஒரு நாள் செலவழித்துச் சோதனை செய்துவிடுங்கள்.

முதலில் பாதுகாப்பு. டிம்மர் இல்லாத சமையலறை விளக்கும் சேர்ந்து ஆடுகிறதா? ஒரு அறையில் விளக்கு மங்கும்போது இன்னொரு அறையில் பளிச்சென்று ஏறுகிறதா? அப்படியானால் நியூட்ரல் (மின்சாரம் திரும்பிப் போகும் வயர்) கழன்றிருக்கலாம். மூன்று ஃபேஸ் இணைப்பு என்றால் மின்னழுத்தம் 230 வோல்ட்டைத் தாண்டி எகிறி, ஃபிரிட்ஜும் டிவியும் போய்விடும். உடனே மெயினை அணைத்துவிட்டு, மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987க்கு அழைத்துப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சீலிங் பக்கம் கருகல் வாடை வந்தாலும் எம்.சி.பி.யை (மெயின் போர்டில் உள்ள பாதுகாப்பு ஸ்விட்ச்) இறக்கிவிடுங்கள். மரச் சீலிங், காத்திருக்க வேண்டாம்.

அந்த அறிகுறி இல்லை என்றால், எனக்கு முதல் சந்தேகம் உங்கள் பழைய டிம்மர் மேல்தான். அவை குண்டு பல்பு காலத்தவை. மின்சாரத்தின் ஒவ்வொரு அலையிலும் முன்பகுதியை வெட்டித்தான் வெளிச்சத்தைக் குறைக்கும். ஒழுங்காக வேலை செய்ய அவற்றுக்குக் குறைந்தபட்ச லோடு (இணைத்த விளக்குகள் இழுக்கும் மின்சாரம்) ஒன்று வேண்டும். 60 வாட்ஸ் குண்டு பல்பு ஐந்து எரிந்த இடத்தில் 300 வாட்ஸ் ஓடியது. இப்போது ஒரு டிம்மரில் 7 வாட்ஸ் எல்இடி ஆறு என்றால் மொத்தமே 42 வாட்ஸ்தான். வெளிச்சத்தைக் குறைத்தால் அதிலும் பாதிகூட இருக்காது. டிம்மர் பிடித்துவைக்க முடியாமல் விட்டு விட்டு இழுக்கும். நீங்கள் பார்க்கும் சிமிட்டல் பெரும்பாலும் அதுதான். இரைச்சலும் அங்கிருந்தே வரும்.

சோதனை எளிது. உரிமம் உள்ள வேறொரு எலக்ட்ரீஷியனை அழையுங்கள். முன்பு வேலை செய்தவர் வேண்டாம். ஒரு டிம்மரில் உள்ள பல்புகளில் ஒன்றைக் கழற்றி அந்த ஹோல்டரில் ஒரு குண்டு பல்பை மாட்டச் சொல்லுங்கள். சூடாகும், ஐந்து நிமிடம் போதும். மற்றவை எல்லாம் சட்டென்று அமைதியானால் லோடு பற்றவில்லை என்று அர்த்தம். அடுத்து டிம்மரைத் தவிர்த்து நேரடியாக இணைத்துப் பார்க்கட்டும். அப்போதும் சிமிட்டினால் பல்பிலோ வயரிங்கிலோ கோளாறு. கடைசியாக, எல்இடிக்கென்று வரும், அலையின் பின்பகுதியை வெட்டும் டிம்மர் ஒன்றைப் போட்டுப் பார்க்கட்டும். ஒவ்வொரு கட்டத்திலும் என்ன நடந்தது என்று தேதி, கையெழுத்து, உரிம எண்ணோடு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். அந்தத் தாள் இல்லாமல் என்னால் நோட்டீஸ் எழுத முடியாது.

ஸ்விட்ச் போர்டைக் கழற்றும்போது நியூட்ரல் இணைப்பையும் பாருங்கள். போன மழைக்காலத்தில் குன்னூர்க் கட்சிக்காரர் ஒருவர் வீட்டில் நானும் கூட நின்றிருந்தேன். சுவரில் ஊறிய ஈரத்தில் பித்தளை ஸ்க்ரூ பச்சை பூத்து, வயர் நுனி கறுத்திருந்தது. அதை மாற்றியதும் ஹால் முழுக்க விளக்கு நின்று எரிந்தது. பல்பு கம்பெனி மேல் வழக்குப் போட வந்தவர் அவர்.

அப்புறம் வீடியோ. நல்ல எல்இடி விளக்கிலும் சில போன் கேமராவில் பட்டை பட்டையாக ஓடுவது போலத் தெரியும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் அதைத்தான் சொல்வார். அதனால் டிம்மரைத் திருகும் கையும் விளக்கும் ஒரே சட்டகத்தில் வரும்படி எடுங்கள். முழு வெளிச்சத்தில் நின்று எரிவதும் குறைத்ததும் சிமிட்டுவதும் அதில் தெரிய வேண்டும். தாக்கல் செய்யும்போது மின்னணு ஆதாரத்துக்கு வேண்டிய, பாரதிய சாட்சிய அதிநியம் (சாட்சியச் சட்டம்) பிரிவு 63(4) சான்றிதழையும் இணைத்துவிடலாம்.

இனி யார் மேல் என்ற கேள்வி. பல்பு தன்னளவில் குறையுள்ளது என்றால் கடைக்காரரும் தயாரிப்பாளரும் எதிர்த்தரப்பு. பெட்டியில் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் 'ஆர்' எழுத்தோடு இருக்கிறதா பாருங்கள். 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அதைத் தட்டிப் பார்க்கலாம். எண்ணே இல்லை என்றால் உங்கள் பக்கம் இன்னும் பலம். பில்லில் அச்சிட்ட வாசகத்துக்குப் பயப்படாதீர்கள். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு இல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47)ன்படி முறையற்ற வணிக நடவடிக்கை. இரண்டாவது வாரமே நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் இதனால்தான் முக்கியம். போன் மாற்றினாலும் அதை அழித்துவிடாதீர்கள்.

டிம்மர்தான் காரணம் என்று தெரிந்தால், உண்மையைச் சொல்கிறேன், பல்பு கம்பெனி மேல் வழக்கு நிற்காது. எந்த டிம்மர் பொருந்தும் என்று பெட்டியிலேயே போட்டிருந்தால் நிச்சயம் நிற்காது. 'எந்த டிம்மரிலும் எரியும்' என்று கடையில் சொல்லி விற்றிருந்து, அதற்குச் சாட்சி இருந்தால் கடைக்காரர் பொறுப்பு. பொருந்தாத டிம்மரில் இணைத்த எலக்ட்ரீஷியன் மேல் சேவைக் குறைபாடு சொல்லலாம். அவர் பில் தராவிட்டாலும் ஜிபேயில் பணம் போன பதிவு போதும். ஆனால் இரண்டு டிம்மர் மாற்றும் செலவுக்காக உள்ளூர் ஆள் ஒருவரை ஆணையத்துக்கு இழுப்பதா என்று யோசியுங்கள். நானாக இருந்தால் டிம்மர் விலையை நீங்களும் மாட்டும் கூலியை அவரும் ஏற்றுக்கொள்ளும்படி பேசி முடிப்பேன்.

சப்ளையில்தான் கோளாறு என்றால் பகுதி உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பலனில்லை என்றால் ஊட்டியில் உள்ள மின் நுகர்வோர் குறைதீர் மன்றம், அதற்கும் மேல் மின் குறைதீர்ப்பாளர்.

பல்புக்காக வழக்கு என்று முடிவானால் மேட்டுப்பாளையத்துக்கோ கோவைக்கோ அலைய வேண்டாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம் என்று 2019 சட்டம் சொல்கிறது, ஆகவே ஊட்டி ஆணையமே போதும். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. கெடு இரண்டு ஆண்டு. அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு ஒரு புகார் பதிந்துவிடுங்கள். பல கடைகள் அந்த அழைப்பிலேயே இறங்கி வரும். தலைவலி போன்ற உடல் உபாதைக்கு இழப்பீடு கேட்பதானால் மருத்துவர் சீட்டு இருப்பது நல்லது.

சோதனைக்காகக் கழற்றும் பல்பைத் தூக்கிப் போடாதீர்கள். அதே பெட்டியில் போட்டு, எந்த ஹோல்டரிலிருந்து என்று கழற்றிய தேதியோடு எழுதி வையுங்கள். ஆய்வகச் சோதனை வேண்டும் என்று ஆணையம் சொன்னால் அனுப்ப வேண்டியது அந்தப் பல்பைத்தான்.