படிக்கத்தானே செய்கிறோம், அதற்கு ஏன் தள்ளுமுள்ளு?

கேள்வி: எங்கள் ஸ்டோரேஜ் மென்பொருளில் ஐநோடு (ஒரு கோப்பைப் பற்றிய பதிவு) விவரங்களை வைத்திருக்கும் கேஷுக்கு (வேகத்துக்காக நினைவகத்தில் வைக்கும் நகல்) ஒரே ஒரு மியூட்டெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டு, அதாவது லாக்). 8 த்ரெட் (இணையாக ஓடும் வேலை இழை) வரை வேகம் ஏறுகிறது, 32 போட்டால் இறங்குகிறது. பெரும்பாலும் படிக்கும் வேலைதான் என்பதால் ரீடர்-ரைட்டர் லாக்குக்கு (பலர் சேர்ந்து படிக்கலாம், எழுதுபவர் மட்டும் தனியாக) மாற்றினேன். பலன் இல்லையே, ஏன்?
- ஒரு வாசகர், கோவை

பதில்: 'படிக்கும் வேலைதான்' என்கிறீர்களே, எனக்குச் சந்தேகமே அதில்தான். பழையதைக் கழிக்க எல்ஆர்யூ பட்டியல் (கடைசியாகத் தொட்டது தலையில், வெகுநேரம் தொடாதது வாலில்) வைத்திருப்பீர்கள். அப்படியானால் ஒவ்வொரு தேடலிலும் கிடைத்த பதிவைப் பட்டியலின் தலைக்கு நகர்த்துகிறீர்கள். அது எழுதும் வேலை. ரீட் லாக்குக்குள் பட்டியலுக்கென்று இன்னொரு லாக் ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ரீட் லாக்கும் சும்மா வருவதில்லை. நூலகத்துக்குள் எத்தனை பேர் வேண்டுமானாலும் போகலாம், ஆனால் வாசலில் ஒரே பதிவேடு, ஒரே பேனா என்றால்? உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கையை மாற்ற, ப்ராசஸரின் ஒவ்வொரு கோரும் அந்த எண் இருக்கும் 64 பைட் கேஷ் லைனைத் (ப்ராசஸர் ஒரே மூச்சில் நகர்த்தும் நினைவகத் துண்டு) தன்னிடம் இழுத்தாக வேண்டும். ஒரு ஹாஷ் தேடலுக்கு (எண்ணை வைத்து நேராகப் பதிவைப் பிடிப்பது) ஆகும் நேரத்தைவிடக் கையெழுத்துப் போடும் நேரம் அதிகமாகிவிடும்.

முதலில் எல்ஆர்யூவைச் சோம்பேறியாக்குங்கள். பதிவு கிடைத்தால் 'தொட்டாச்சு' என்று ஒரு கொடி, அவ்வளவுதான். கொடி ஏற்கெனவே ஏறியிருந்தால் திரும்ப எழுதாதீர்கள், பலபேர் கோட்டைவிடும் இடம் இது. கழிக்கும்போது கொடி உள்ளதற்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்துக் கொடியை இறக்கினால் போதும். வரிசை கொஞ்சம் பிசகும், பரவாயில்லை.

அப்புறம் கேஷை 64 துண்டாக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி லாக், தனிப் பட்டியல். இரண்டு லாக் ஒரே கேஷ் லைனில் உட்காராதபடி இடைவெளி விடுங்கள். இதில் நானே சூடு பட்டவன். முன்பு வேலை பார்த்த இடத்தில் ஐநோடு எண்ணின் கடைசி 4 பிட்டை வைத்து 16 துண்டாகப் பிரித்தேன். எண் ஒதுக்கும் பகுதியோ 16-இன் மடங்குகளையே கொடுத்துக்கொண்டிருந்தது. எல்லாம் பூஜ்யத் துண்டில்! கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. எண்ணை நன்றாகக் கலக்கும் ஹாஷ் போட்ட பிறகுதான் சரியானது.

இவ்வளவுக்கும் மிஞ்சுவது வேர்க் கோப்பகம் மாதிரி எல்லாரும் தொடும் ஒரே பதிவு. அதைத் துண்டாக்க முடியாது, அதன் ரெஃபரன்ஸ் கவுண்ட்டில் (அதை இப்போது எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற எண்ணிக்கை) நெரிசல் தொடரும். லினக்ஸுக்கும் இதே தலைவலி இருந்தது. 2011-இல் வந்த 2.6.38 கர்னலில்தான் (லினக்ஸின் மையப் பகுதி) டீகேஷின் (கோப்புப் பெயர்களுக்கான கேஷ்) பொது லாக்கை எடுத்துவிட்டு, ஆர்சியூ (படிப்பவர் லாக் போடாமலே படிக்க விடும் முறை) மூலம் கவுண்ட்டைத் தொடாமலே பாதையைத் தேடிப்போகும் வழி வந்தது. நடுவில் ஏதாவது மாறியிருந்தால் சீக்வென்ஸ் எண் (ஒவ்வொரு மாற்றத்தின்போதும் ஏறும் எண்) காட்டிக்கொடுக்கும், உடனே பழைய முறைக்குத் திரும்பும். ஆனால் நினைவகத்தை எப்போது விடுவிப்பது என்பது அதில் பெரிய தொல்லை. இப்போதைக்கு அந்தப் பக்கம் போகாதீர்கள்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். கேஷில் இல்லாதபோது லாக்கைப் பிடித்துக்கொண்டே டிஸ்க்கில் படிக்கிறீர்களா? ஆமாம் என்றால் நாளைக் காலை முதல் வேலையாக அதை மாற்றுங்கள். 'வந்துகொண்டிருக்கிறது' என்று ஒரு வெற்றுப் பதிவை வைத்துவிட்டு லாக்கை விட்டுவிடுங்கள். அதே ஐநோடைத் தேடி வருபவர் மட்டும் காத்திருக்கட்டும்.