நான்கு போல்ட்டும் ஒரு நாடகமும்: வாசகர் கேள்வி – பதில்

1958ஆம் ஆண்டின் ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியன் போட்டி ஜனவரி 19 அன்று அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ் நகரில் தொடங்கியது என்றும், அந்த முதல் பந்தயத்தில் பிரிட்டிஷ் ஓட்டுநர் ஸ்டிர்லிங் மாஸ், ஓட்டுநருக்குப் பின்னால் எஞ்சின் வைத்த ஒரு சின்னஞ்சிறு கூப்பர் காரில் ஃபெராரிகளைத் தோற்கடித்தார் என்றும் சென்ற இதழில் இரண்டே வரிகளில் எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரிகள் போதவில்லை என்று வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

சக்கரம் மாற்றப்போவதாகப் போக்குக் காட்டி மாஸ் வென்றார் என்று படித்திருக்கிறேன். அது ஏமாற்று வேலை இல்லையா?
– திருச்சி வாசகர் ஒருவர்

போக்குக் காட்டியது உண்மை. ஆனால் அதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்றைய பெரிய பந்தயக் கார்களில் சக்கரத்தின் நடுவே ஒரே ஒரு பெரிய திருகுதான் இருக்கும். மெக்கானிக் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினால் சக்கரம் கையோடு வந்துவிடும். கூப்பரோ அடிப்படையில் சிறிய வகைப் பந்தயங்களுக்காகக் கட்டப்பட்ட கார் என்பதால், நம் வீட்டுக் காரைப் போலவே ஒவ்வொரு சக்கரமும் நான்கு போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருந்தது. அவற்றைக் கழற்றி மாட்டுவதற்குள் பல நிமிடங்கள் ஓடிவிடும். அதாவது, டயர் மாற்ற ஒருமுறை நின்றாலே பந்தயம் கைவிட்டுப் போய்விடும். 80 சுற்றுகள், ஏறத்தாழ 313 கிலோமீட்டர், ஜனவரி மாதத்து அர்ஜென்டினாக் கோடை வெயில்: இவ்வளவையும் ஒரே டயர்கள் தாங்காது என்றுதான் எதிரணியினர் எல்லோரும் கணக்குப் போட்டிருந்தார்கள்.

அந்தக் கணக்கைக் கலைக்காமல் பார்த்துக்கொண்டதுதான் மாஸ் தரப்பின் சாமர்த்தியம். பந்தயத்துக்கு முன்பே தங்கள் போல்ட்டுச் சங்கடத்தைச் சொல்லிப் புலம்பினார்கள். பந்தயம் நடந்துகொண்டிருக்கையில் தலைமை மெக்கானிக் ஆல்ஃப் ஃபிரான்சிஸ், இதோ கார் வந்து நிற்கப்போகிறது என்பதுபோல் மாற்றுச் சக்கரங்களை எல்லோர் கண்ணிலும் படும்படி எடுத்து வைத்தார். முன்னால் போய்க்கொண்டிருந்த உள்ளூர் நாயகன் ஃபான்ஜியோ டயர் மாற்றுவதற்காக நின்றபோது, பாதித் தூரத்துக்குச் சற்று முன்பே, மாஸுக்கு முதலிடம் கிடைத்தது. பின்னால் வந்த ஃபெராரி ஓட்டுநர் லூயிஜி முஸ்ஸோவோ, எப்படியும் இவர் நின்றுதானே ஆகவேண்டும் என்று அவசரப்படாமல் வந்தார். மாஸ் நிற்கவே போவதில்லை என்பது ஃபெராரி முகாமுக்கு உறைத்தபோது மிகவும் தாமதமாகிவிட்டது. கடைசிச் சுற்றுகளில் கூப்பரின் டயர்களில் ரப்பர் தேய்ந்து உள்ளிருந்த நூல் இழை வெளியே தெரிந்தது. சூட்டையும் தேய்மானத்தையும் குறைக்க, மற்றவர்கள் விலகிப்போகும் எண்ணெய் படிந்த வழவழப்பான இடங்களாகத் தேடித் தேடி அவற்றின்மேல் காரைச் செலுத்தினார் மாஸ். முஸ்ஸோ விரட்டிக்கொண்டு வந்தும், முடிவில் 2.7 விநாடி இடைவெளி மிஞ்சியது. போக்குக் காட்டியவர்கள் மெக்கானிக்குகள். ஆனால் அந்த டயர்களைக் கடைசிக் கோடுவரை கொண்டுசேர்த்தது மாஸின் கைகள். எந்த விதியும் மீறப்படவில்லை. நம்பியது ஃபெராரியின் பிழை.

மொத்தமே பத்துக் கார்கள்தான் ஓடினவாமே? அப்படியானால் அந்த வெற்றிக்கு என்ன மதிப்பு?
– மதுரை வாசகி ஒருவர்

பத்துதான்: மூன்று ஃபெராரி, ஆறு மஸராட்டி, ஒரு கூப்பர். அந்த ஆண்டுமுதல் ஆல்கஹால் கலந்த எரிபொருளுக்குத் தடை விதிக்கப்பட்டு, விமானப் பெட்ரோல் கட்டாயமாக்கப்பட்டிருந்தது. ஆல்கஹால் ஆவியாகும்போது எஞ்சினைக் குளிர வைக்கும். பெட்ரோல் அந்த அளவுக்குக் குளிர வைக்காது. ஆல்கஹாலுக்காகவே வடிவமைக்கப்பட்ட தங்கள் எஞ்சின்களை மாற்றியமைக்க நேரம் போதாமல் பிரிட்டனின் வான்வால், பி.ஆர்.எம். அணிகள் வரவில்லை. வான்வாலின் ஓட்டுநரான மாஸ், அதன் உரிமையாளரிடம் அனுமதி பெற்று ராப் வாக்கர் என்ற தனியாரின் காரில் ஓட்ட வந்ததே அதனால்தான். மஸராட்டியும் முந்தைய ஆண்டு முடிவிலேயே தொழிற்சாலை அணியைக் கலைத்துவிட்டதால், வந்த ஆறும் தனியார் பெயர்களில் ஓடியவை.

ஆகவே களம் மெலிந்திருந்தது என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் ஓடியவர்கள் யார் என்று பாருங்கள்: ஐந்து முறை உலகச் சாம்பியனான, அங்கே முந்தைய நான்கு ஆண்டுகளும் தொடர்ந்து வென்றிருந்த ஃபான்ஜியோ நான்காவதாகத்தான் வந்தார், அந்த ஆண்டின் சாம்பியனாகப்போகிற மைக் ஹாத்தோர்ன் மூன்றாவது. இவர்களைப் பின்தள்ளிய கூப்பரின் எஞ்சினோ (கிளைமாக்ஸ் என்ற நிறுவனத்தின் தயாரிப்பு) இரண்டு லிட்டர்கூட முழுதாக இல்லாதது. ஃபெராரியின் 2.4 லிட்டர் எஞ்சினோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ நூறு குதிரைத்திறன் குறைவு.

எஞ்சினைப் பின்னால் வைத்தால் அப்படி என்ன ஆதாயம்? கூப்பருக்கு அந்த யோசனை எப்படி வந்தது?
– கோவையிலிருந்து ஒரு மாணவர்

யோசனை பெரிய ஆராய்ச்சியில் பிறந்ததல்ல. போருக்குப் பிறகு சார்லஸ் கூப்பரும் அவர் மகன் ஜானும் 500 சி.சி. மோட்டார் சைக்கிள் எஞ்சினை வைத்து மலிவான பந்தயக் கார்களைக் கட்டினார்கள். சங்கிலியால் பின்சக்கரத்தை ஓட்டும் அந்த எஞ்சினைப் பின்சக்கரத்துக்குப் பக்கத்திலேயே வைப்பது வசதியாக இருந்தது, அவ்வளவுதான். ஜெர்மனியின் ஆட்டோ யூனியன் போருக்கு முன்பே பின்னால் எஞ்சின் வைத்து வென்றிருக்கிறது என்பதால் இது புதுமையும் அல்ல.

ஆதாயம் எங்கே என்றால், எஞ்சின் முன்னால் இருந்தால் அதன் விசையைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் நீண்ட தண்டு ஓட்டுநரின் இருக்கையை ஒட்டி ஓடவேண்டும்; அதனால் அவர் உயரமாக உட்காரவேண்டும், கார் பெருக்கும், கனக்கும். கூப்பரில் அந்தத் தண்டு இல்லை. ஓட்டுநர் தாழ்வாக உட்கார்ந்தார், காற்றை எதிர்க்கும் முகப்பும் சிறுத்தது, கார் இலேசாகி டயர் தேய்வதும் குறைந்தது. மேற்சொன்ன நாடகம் பலித்ததற்கு இந்த இலேசுதான் முதல் காரணம் என்பேன். போதாததற்கு, புதிய எரிபொருள் ஆல்கஹாலைவிட மிகக் குறைவாகவே செலவானது. பந்தயங்களின் நீளத்தையும் அந்த ஆண்டு குறைத்திருந்தார்கள். இடையில் நிற்காமல் முழுத் தூரமும் ஓட ஒரு சிறிய காருக்கு வழி திறந்தது இப்படித்தான்.

அடுத்து மே மாதம் மொனாக்கோவில் மாரிஸ் டிரன்டின்யான் அதே வாக்கர் அணியின் கூப்பரில் வென்றார். ஆனால் அந்த ஆண்டு கூப்பரின் வெற்றி அந்த இரண்டோடு நின்றது. எஞ்சிய ஃபார்முலா ஒன் பந்தயங்களை வான்வாலும் ஃபெராரியும் எடுத்துக்கொண்டன. 1959இலும் 1960இலும் ஜாக் பிரபம் கூப்பரில் சாம்பியன் ஆனபிறகுதான் மற்றவர்கள் மனம் மாறினார்கள். 1960 செப்டம்பரில் மோன்சாவில் ஃபில் ஹில் ஃபெராரியில் பெற்ற வெற்றிக்குப் பின், முன்னால் எஞ்சின் வைத்த கார் எதுவும் உலகச் சாம்பியன் பந்தயத்தில் வென்றதில்லை.

மாஸ் ஒற்றைக் கண்ணோடு ஓட்டினார் என்கிறார்களே?
– சேலம் வாசகர் ஒருவர்

கொஞ்சம் ஊதிப் பெருக்கிய கதை. பந்தயத்துக்குச் சில நாள் முன்பு மனைவியின் விரல் தற்செயலாகக் கண்ணில் பட்டு விழிப்படலம் கீறிக்கொண்டதால், புவெனஸ் அயர்ஸில் அவர் ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு நடமாடினார். பார்வை போய்விடவில்லை. அந்த ஆண்டு அவர் இழந்தது சாம்பியன் பட்டத்தைத்தான்: நான்கு பந்தயங்களை வென்ற மாஸுக்கு 41 புள்ளி, ஒன்றை மட்டும் வென்ற ஹாத்தோர்னுக்கு 42.